வலப்பக்கம் வளைந்த மூக்கு

நியூசிலாந்தின் மனுகாவ் துறைமுகம், பெயர்தான் துறைமுகமே தவிர, கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறுதான். அதன் கரையில், மாங்கெரேயில் உள்ள ஆம்பரி பண்ணைப் பூங்காவுக்குப் பிள்ளைகள் பசுவையும் ஆட்டையும் பார்க்கப் போவார்கள். ஜூன் குளிரில் தொலைநோக்கியோடு போகிறவர்கள் தேடுவது, 60 கிராம்கூடத் தேறாத சாம்பல் நிற உப்புக்கொத்தி ஒன்றை. ஆங்கிலத்தில் ரைபில். மாவோரியில் ஙுட்டு பாரே. அரிச்சுவடியோடு நாம் மறந்துவிட்ட 'ஙு' அங்கே புழக்கத்தில் இருக்கிறது!

கடல் ஏறியதும் கூட்டமாக ஒதுங்கி ஒற்றைக்காலில் தூங்கும். பக்கத்தில் போனால், மடக்கிய காலைக் கீழே வைக்கச் சோம்பல்பட்டு, நொண்டியாட்டம் ஆடியபடியே நகரும். திரும்பும்போது மூக்கைப் பாருங்கள். நுனி வலப்பக்கம் வளைந்திருக்கும். எல்லாப் பறவைக்கும் வலப்பக்கமேதான். உலகில் வேறெந்தப் பறவைக்கும் இப்படிப் பக்கவாட்டில் வளைந்த அலகு கிடையாது.

சேற்றில் நின்றால் இதன் காரணம் பிடிபடாது. தென்தீவில், இவை முட்டையிடும் கான்டர்பரியின் ரகாயா, ரங்கிடாட்டா ஆறுகளுக்குப் போக வேண்டும். வைகைப் படுகையில் மணலுக்குப் பதில் கூழாங்கல் பரப்பி, அதன்மேல் தண்ணீர் சடைப்பின்னல்போலப் பிரிந்து ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப்புழுவை வழித்தெடுக்க, நேரான அலகைவிட வளைந்தது தோது. கூடு என்று எதுவும் இல்லை. கல்லுக்கு நடுவே ஒரு குழி, கல்லைப் போலவே இரண்டு முட்டை.

விவசாயி கண்ணுக்கு அந்தக் கல்வெளி புறம்போக்கு. கறவை மாட்டுப் பண்ணைகள் பெருகப் பெருக, பாசனத்துக்கு ஆற்று நீர் போகிறது. கரையோரம் மேய்ச்சல் நிலமாகிறது. களையை அரித்துக்கொண்டு போக வெள்ளம் வேண்டும். அது குறைந்தால் லூபின் செடி கல்லை மூடிவிடும்; பூனைக்கும் முள்ளெலிக்கும் நல்ல மறைவு. இந்தப் பறவைக்கு வறட்டுக் கல்தான் வளம் என்று பண்ணைக்காரருக்குப் புரியவைப்பது லேசில்லை. மிஞ்சியவை ஏறத்தாழ 5,000.

மாங்கெரே கதை வேறு. 1960இல் கடலோரத்தை வளைத்துக் கழிவுநீர்க் குளங்கள் கட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் அவற்றை அகற்றிக் கடலை உள்ளே விட்டு, பறவைகள் ஒதுங்கச் சிப்பித் திட்டுகளும் போட்டார்கள்.

ஆகஸ்டில் ரைபில்கள் முட்டையிடத் தெற்கே கிளம்பிவிடும். பார்க்க நினைத்தால் அதற்குள், கடல் முழுதாக ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றுவிடுங்கள்.