உறங்கும் நோயாளிக்கு யார் காவல்?

இரைப்பையில் புண் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். வளையக்கூடிய மெல்லிய குழாய் ஒன்றை வாய் வழியாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். இதற்கு எண்டோஸ்கோப்பி என்று பெயர். கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் குழுவினர் உருவாக்கினர். இன்றைய குழாய்களின் நுனியில் சிறு காமிரா இருக்கிறது.

தொண்டையில் விரல் பட்டாலே நமக்குக் குமட்டுகிறது. குழாய் நுழைந்தால் சும்மா இருக்க முடியுமா? ஆகவே பலருக்கு மிடசோலம், புரோபோஃபால் போன்ற மருந்துகளை ஊசி மூலம் செலுத்தித் தூங்க வைக்கிறார்கள். நோயாளிக்கு வேதனை தெரிவதில்லை. ஆனால் இந்தத் தூக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு.

ஆபத்து எங்கே?

குழாய் செல்வது உணவுக்குழலுக்குள்; மூச்சுக்குழலுக்குள் அல்ல. பின் மூச்சுக்கு என்ன தடை? மருந்து மூளையை அமைதிப்படுத்தும்போது, மூச்சை இயக்கும் நரம்பு மையமும் சோர்கிறது. மூச்சு மெதுவாகிறது, அதன் ஆழமும் குறைகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்தால் காற்று செல்லும் வழியே அடைபடும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்குகிறது. அதில் உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 350 மில்லிலிட்டர். உடலின் தேவையோ நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர். மூச்சு நின்றால் இந்தக் கையிருப்பு இரண்டு நிமிடம்கூடத் தாங்காது! இதனால்தான் மூக்கில் சிறு குழாய் பொருத்தி, வழக்கமாக நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் ஆக்சிஜன் தருகிறார்கள். நுரையீரலின் கையிருப்பு பெருகுகிறது.

நிறம் சொல்லும் செய்தி

ஆக்சிஜன் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அதைக் கவனித்தால் போதாதா? 1947இல் அமெரிக்காவில் காம்ரோ, பொடெல்ஹோ என்ற இருவர் இதைச் சோதித்தனர். நலமாக உள்ளவரின் தமனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 95 சதவீதமோ அதற்கு மேலோ ஆக்சிஜனைச் சுமந்திருக்கும். அது 80 சதவீதம் அளவுக்கு இறங்கும் வரை, பார்த்தவர்களில் பெரும்பாலோர் நீல நிறத்தை உறுதியாகக் கண்டறியவில்லை.

கண் தவறவிடுவதைப் பிடிப்பது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். இதன் தத்துவத்தை ஜப்பானியப் பொறியியலாளர் டக்குவோ அயோயாகி 1974இல் வெளியிட்டார். விரல் நுனியைக் கவ்வும் இக்கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏற்றது அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். தோலும் எலும்பும் ஒளியை விழுங்கும் அளவு மாறுவதில்லை. நாடித் துடிப்போடு ஏறி இறங்குவது தமனி இரத்தம் மட்டுமே. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி சதவீதத்தைக் கணக்கிடுகிறது.

ஆக்சிஜன் கொடுத்தால் போதுமா?

மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருந்தால், கிணற்று மோட்டார் நின்றுபோனது வீட்டாருக்கு உடனே தெரியாது. குழாயில்தான் தண்ணீர் வருகிறதே! அதுபோல, ஆக்சிஜன் பெறும் நோயாளிக்கு மூச்சு நின்ற பிறகும் ஆக்ஸிமீட்டர் சிறிது நேரம் 98 என்றே காட்டக்கூடும். எண் இறங்கத் தொடங்கும்போது பொன்னான நேரம் கடந்திருக்கும்.

எனவே இரண்டாவது காவலாக கேப்னோகிராப் என்ற கருவியைப் பல இடங்களில் பயன்படுத்துகின்றனர். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 முதல் 5 சதவீதம் கரியமில வாயு உண்டு. அது அகச்சிவப்பு ஒளியை விழுங்குவதால் அளப்பது எளிது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஓர் அலை எழும். மூச்சு நின்றால் அலை மறைந்து வெறும் கோடு ஓடும்.

உடனே நோயாளியைத் தட்டி அழைப்பார்கள். கீழ்த்தாடையை முன்னே தூக்கி வழியைத் திறப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் குழாயை வெளியே எடுத்து, முகமூடியும் பையும் கொண்டு மூச்சுக் கொடுப்பார்கள். மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. புரோபோஃபாலுக்கு அப்படி எதுவும் இல்லை. அது உடலிலிருந்து விலகும் வரை மூச்சைக் காப்பதே வழி.

சோதனை முடிந்ததும் காவல் முடிவதில்லை. குழாயின் உறுத்தல் நின்றுவிடும். மருந்தோ இன்னும் இரத்தத்தில் இருக்கும். அப்போது தூக்கம் மேலும் ஆழமாகலாம். ஆகவே நோயாளி நன்றாக விழித்துப் பேசும் வரை விரலில் உள்ள கருவியைக் கழற்றுவதில்லை.