கல்தரையில் பூசிய காப்பு கறையாக மாறினால்...

 

கடப்பைக்கல்லோ, கோட்டா கல்லோ, பளிங்கோ பதித்தவர்கள் அதன்மேல் 'சீலர்' எனப்படும் காப்புத் திரவத்தைப் பூசுவது இன்று வழக்கமாகிவிட்டது. எண்ணெயும் தேநீரும் மஞ்சள் நீரும் கல்லுக்குள் ஊறிக் கறையாகாமல் காப்பதே இதன் பணி. ஆயினும், பூசிய சில நாள்களிலேயே தரை மங்கித் திட்டுத் திட்டாகி, பாதத்தில் பிசுபிசுப்பதைக் கண்டு பலர் மனம் நோகின்றனர். பணம் வீணாயிற்றே என்ற கவலை ஒருபுறம்; பூசியவரோடு ஏற்படும் மனத்தாங்கல் மறுபுறம். இவ்விரண்டையும்விடப் பெரியது, ஈரம் பட்டதும் வழுக்கும் தரையில் முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம். உளூச் செய்யும் இடத்தில் இவ்வபாயம் இரட்டிப்பாகிறது.

எனவே, கெட்டுப்போன பூச்சைச் சீர்செய்யும் முறையை அறிந்துகொள்வது அவசியமாகும்.

முதலில் வகையறிக!

காப்புப் பூச்சு இரு வகைப்படும். ஒன்று, கல்லின் நுண்துளைகளுக்குள் ஊறி உள்ளேயே தங்குவது. மேற்பரப்பில் இது கண்ணுக்குத் தெரியலாகாது. மற்றொன்று, அக்ரிலிக், பாலியூரித்தேன் போன்றவற்றாலானது. கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து பளபளப்பைத் தருவது. முன்னதற்குச் செய்யும் வைத்தியம் பின்னதற்குப் பொருந்தாது. ஆகவே, வாங்கிய டப்பாவை எறிந்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள். அதிலுள்ள குறிப்பே முதல் வழிகாட்டி.

பிசுபிசுப்பும் மங்கலும்

ஊறும் வகைப் பூச்சில், கல் குடித்தது போக எஞ்சியதைச் சில நிமிடங்களில் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் அது மேலே காய்ந்து, புகை படிந்தாற்போல் மங்கும். இதற்கு எளிய பரிகாரம் அதே திரவத்திலேயே இருக்கிறது. அதையே சிறிதளவு மீண்டும் தடவுங்கள். காய்ந்த பிசின் இளகும். ஐந்து நிமிடத்திற்குள் உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். ஒரே சமயத்தில் அறை முழுவதும் செய்யாமல், கைக்கெட்டும் அளவு பகுதி பகுதியாகச் செய்வதே நலம். பல நாள்கள் ஆகி இறுகிப்போயிருந்தால், அத்தயாரிப்புக்கென விற்கப்படும் நீக்கி தேவைப்படும்.

வெண்மேகம் போன்ற திட்டுகள்

கழுவிய தரை நன்கு உலருமுன்னே படலப் பூச்சைப் பூசினால், உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெண்திட்டாக வெளிப்படும். இதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசுவது நோயை மூடி மறைப்பதற்கு ஒப்பாகும். படலத்தை நீக்கி, கல்லைப் பல நாள்கள் காற்றாட விடவேண்டும். குழாய்க் கசிவோ நிலத்தடி ஈரமோ காரணமாயின், அதைச் சரிசெய்யாமல் எது பூசினும் நிலைக்காது.

உரியும் படலம்

தூசியின்மேலோ, எண்ணெய்ப் பசையின்மேலோ, வழவழப்பாக மெருகேற்றிய கிரானைட்டின்மேலோ பூசிய படலம் தோல்போல் உரியும். அக்ரிலிக் படலமாயின், அதற்குரிய நீக்கியை ஊற்றி ஊறவிட்டு, நைலான் நாரால் தேய்த்து, நல்ல நீரால் பலமுறை அலசலாம். பாலியூரித்தேன் எளிதில் இளகாது. இயந்திரத்தால் தேய்த்து மெருகிடும் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைப்பதே சிறப்பு.

அமிலம் வேண்டாம்!

கறை கண்டதும் கழிவறை கழுவும் ஆசிட்டையோ, வினிகரையோ, எலுமிச்சையையோ நாடுவோர் உளர். பளிங்கும் கடப்பையும் கோட்டாவும் சுண்ணாம்புச் சத்தாலான கற்கள். அமிலம் பூச்சை நீக்காது, கல்லையே அரித்துவிடும். அரிப்பு உண்டான பின் மெருகிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பதோ உயிருக்கே ஆபத்து, நச்சுவாயு கிளம்பும்.

ஆக்ராவின் தாஜ்மஹாலில், மக்ரானா பளிங்கு மஞ்சளித்தபோது, தொல்லியல் துறையினர் 1994, 2001, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் கையாண்டது முல்தானி மட்டிப் பற்று முறையையே. மண்ணைக் குழைத்து அப்பி, அது அழுக்கை உறிஞ்சிக் காய்ந்தபின் அகற்றினர். பூச்சுக்கடியில் அகப்பட்ட எண்ணெய்க் கறைக்கு, பூச்சை நீக்கிய பின் இம்முறையை நம் வீட்டிலும் கையாளலாம். மட்டியை அசிட்டோனில் குழைத்து அப்பி, பாலிதீன் தாளால் மூடி ஒருநாள் வைத்துப் பின் எடுக்க வேண்டும்.

சகோதரிகள் கவனத்திற்கு

அசிட்டோன், டர்பென்டைன் போன்றவை எளிதில் தீப்பற்றுபவை. அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, குழந்தைகளை அகற்றிய பின்பே தொடங்குங்கள். கையுறை அணிவது தோலுக்கு மட்டுமின்றி நம் வணக்கத்திற்கும் காப்பாகும். பூச்சு கையிலும் நகத்திலும் படலமாகக் காய்ந்துவிட்டால், உளூவின் நீர் தோலைச் சேராது. அதை அகற்றிய பின்பே உளூச் செய்தல் வேண்டும்.

எந்த நீக்கியையும் முதலில் அலமாரிக்கடியில் ஒரு சாண் இடத்தில் சோதித்து, மறுநாள் பார்த்தே மேற்செல்லுங்கள். சீர்செய்த பின் நன்கு உலர்ந்த தரையில் சில துளி நீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். கல் கருக்காவிடில், மீண்டும் பூசத் தேவையே இல்லை. வீண் விரயம் நம் மார்க்கம் வெறுப்பதல்லவா? பூசியே ஆகவேண்டுமெனில், நீர் புழங்கும் இடங்களுக்கு ஊறும் வகையையே தேர்ந்தெடுங்கள். பளபளக்கும் படலம் அங்கே வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வக்ஃபின் தரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், நீர் தெளித்து நடந்து பாருங்கள். வழுக்கினால், அடுத்த தொழுகை நேரம் வருமுன் அவ்விடத்தை அடைத்துவிடுங்கள். பாதையிலுள்ள இடையூற்றை அகற்றுவது நன்மையென அறிந்த சமுதாயம் நாம். தொழ வரும் ஒரு முதியவரின் பாதம் வழுக்காமல் காப்பதும் அந்நன்மையைச் சேர்ந்ததே.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் இறையில்லங்களையும் தூய்மையும் பாதுகாப்பும் மிக்கவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.