விடிய விடிய ஆடியவர்களின் பெயர் என்ன?

உத்திரமேரூர் வட்டாரத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடம் திருமுக்கூடல். ஆற்றங்கரையில் இருக்கும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீளமான கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகளோடு அங்கே ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது சொல்கிறது. வைத்தியரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். முடிதிருத்துபவருக்கு 15 கலம். ஆயிரம் வருடங்களுக்கு முன்பு யார் யாருக்கு எவ்வளவு கூலி என்பதுவரை கல்லில் இருக்கிறது.

இதே ஆற்றங்கரை ஊர்களில் காலங்காலமாக விடிய விடிய ஆடிய கூத்துக் கலைஞர்களுக்கு மட்டும் அப்படி ஒரு கல் கிடையாது. "எங்க சின்ன வயசுல ஒருத்தர் துரியோதனன் கட்டுவார் பாரு, திரையை விலக்கினா குழந்தைங்க அலறும்" என்று சொல்லும் பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருப்பார்கள். அவர் பேர் என்ன என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். வேடத்தின் பெயர் நிற்கிறது. வேடம் கட்டியவரின் பெயர் ஒரே தலைமுறையில் மறந்துபோகிறது.

பாரதம் கேட்ட மண்

இந்தப் பகுதிக்கும் மகாபாரதத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம் கிராமத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுதப்பட்டது. ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியதை அது குறிப்பிடுகிறது.

இன்றும் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு அன்று, நடிகர் பாட்டுப் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். கடைசி நாள் படுகளம். திடலில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். பீமன் அவன் தொடையில் அடிப்பதும், பாஞ்சாலி கூந்தல் முடிவதும் காலை வெயிலில் ஊரே கூடி நிற்க நடக்கும். அன்று மாலை தீமிதி.

இவ்வளவையும் தோளில் சுமப்பவர்கள் ஜமா என்று சொல்லப்படும் கூத்துக் குழுவினர். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரும் வந்தது. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியவைதான் இசை. இரவு 10 மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை சொந்தக் குரலில் பாட வேண்டும், வசனம் பேச வேண்டும், கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டும். துகிலுரியும் கட்டம் வந்தால், துச்சாசனன் வேடம் போட்டவர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சேலையில் கை வைப்பார்.

அரிதாரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறும் இந்த மனிதர்களில் பலருக்குப் பகலில் வயல் வேலை, கூலி வேலை. இவர்கள் கற்ற பாட்டும் அடவும் பெரும்பாலும் நோட்டில் இல்லை. உடம்பிலும் தொண்டையிலும்தான் இருக்கின்றன. ஒரு வாத்தியார் இறந்தால், அவர் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பாட்டும் அவரோடு போய்விடுகிறது.

புரிசை காட்டும் வழி

இந்த மறதிக்கு ஒரு பதில் செய்யாறு பக்கத்தில் உள்ள புரிசை கிராமத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தின் ஊர் அது. நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்துபோனவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. 1977-ல் சென்னையில் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கண்ணப்பத் தம்பிரான். சினிமாவில் இன்று நமக்குப் பழக்கமான முகங்கள் சில அந்தப் பட்டறையிலிருந்து வந்தவை. பிரெக்டின் நாடகத்தையும், மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும்கூடப் புரிசைக் குழு கூத்தாக ஆடியிருக்கிறது.

கண்ணப்பத் தம்பிரான் 2003-ல் காலமானார். அவர் நினைவாக அவருடைய குடும்பத்தார் எடுக்கும் விழாவில், புரிசையின் தெருவிலேயே இரவு முழுக்கக் கூத்தும் நவீன நாடகங்களும் நடக்கும். சென்னையிலிருந்து வரும் நாடகக்காரர்களும் ஊர்ப் பாட்டிகளும் ஒரே மண்ணில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் இரண்டு நிமிட மௌனத்தோடு அஞ்சலியை முடிக்காமல், அவருடைய கலையை அவருடைய ஊரிலேயே விடியும்வரை ஆடிக் காட்டுகிறார்கள்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் வேறொரு முயற்சி நடந்தது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் 1990-ல் கலைஞர்களைச் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கினார்கள். 2002-ல் அங்கே குருகுலம் வந்தது. பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. கொரோனா ஊரடங்கில் திருவிழாக்களே நின்று, கூத்துக் கலைஞர்கள் வருமானம் இல்லாமல் தவித்ததும் அதே ஆண்டில்தான். ஆனாலும் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் காலில் அடவு இருக்கிறது. அவர்களுக்கு மேடை கிடைப்பது நம் கையில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

உங்கள் ஊர்த் திருவிழாவில் கூத்து வைத்தால், நோட்டீஸில் உபயதாரர் பெயர்களோடு வாத்தியார் முதல் முகவீணைக்காரர்வரை எல்லோருடைய பெயரையும் ஊரையும் அச்சடியுங்கள். வேடத்தோடு செல்ஃபி எடுத்தால், வேடத்துக்குள் இருப்பவரிடம் பெயர் கேட்டு அதையும் எழுதிப் பகிருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் பார்த்த பழைய கலைஞர்களைப் பற்றிப் பேசச்சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். வயதான கலைஞர் யாராவது தெரிந்தவராக இருந்தால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று விசாரித்து, இல்லையென்றால் விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள்.

இது எதற்கும் பெரிய செலவு இல்லை. திருமுக்கூடலில் முடிதிருத்துபவரின் 15 கலம் நெல்லைக்கூட மறக்காமல் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் கையில் உளியும் கல்லும் வேண்டியதில்லை, போன் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊரில் திரை விலகி துரியோதனன் வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.