காசு வாங்க எதற்கு பின் நம்பர்?

மே மாதம் திருவனந்தபுரத்தில் வீடு காலி செய்கிறவர்கள் அதிகம். கேரளத்தில் பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால், மாற்றலானவர்கள் அதற்குள் மூட்டை கட்டிவிடப் பார்ப்பார்கள். இஸ்ரோ வேலையில் தும்பாவிலிருந்து மகேந்திரகிரிக்குப் போகிறவர், கழக்கூட்டம் டெக்னோபார்க்கை விட்டுச் சென்னைக்குக் கிளம்புகிற இளம் தம்பதி, பிள்ளையோடு போய் இருக்கப்போகிற ரிட்டயர்டு ஆசிரியை. லாரி வாடகையைக் கணக்குப் போட்டால் பழைய ஃப்ரிட்ஜை இங்கேயே தள்ளிவிடுவதுதான் லாபம். நாலு போட்டோ எடுத்து ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வரும்.

வாங்குகிறவர்தான் ஏமாறுவார், விற்கிறவருக்கு என்ன நஷ்டம் என்பது சந்தையில் நமக்குப் பழகிய நினைப்பு. பொருள் நம் வீட்டில் இருக்கிறது, காசு வந்தால்தான் கொடுக்கப் போகிறோம். இந்தத் தெம்புதான் மோசடிக்காரனுக்கு முதல்.

போனில் வருகிறவர் பெரும்பாலும் ஹிந்தியில் ஆரம்பிப்பார். பாங்கோடு ராணுவ முகாமில் இருப்பதாகச் சொல்வார், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சிஐஎஸ்எஃப் காவலர் என்பார். பாங்கோட்டில் முகாம் இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால் சந்தேகம் வராது. வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் வரிசையாக வந்து விழும். அவை வேறு யாரிடமிருந்தோ திருடியவை. பேரம் கிடையாது. 12,000 ரூபாய் போட்டிருந்தால் 12,000-க்கே சம்மதம். பொருளைப் பார்க்கவும் வர மாட்டார். “டியூட்டியில இருக்கேன் சார், வண்டி அனுப்பி எடுத்துக்கறேன்.” சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் குடத்துக்கே பத்து ரூபாய் குறைக்காமல் நகராத நமக்கு, பழைய ஃப்ரிட்ஜைப் பார்க்காமலே சொன்ன விலைக்கு எடுக்கிறவரிடம் ஏன் கேள்வி எழுவதில்லை? நல்ல விலை படிந்த சந்தோஷம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து கணக்கில் ஒரு ரூபாய் விழும். “வந்துச்சா சார்? அக்கவுண்ட் சரியாத்தான் இருக்கு.” பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். “ஆர்மி அக்கவுண்ட்ல முறையே வேற. நீங்க ஸ்கேன் பண்ணாத்தான் எங்க பக்கம் பணம் ரிலீஸ் ஆகும்.” ஸ்கேன் செய்தால் திரையில் 12,000 தெரியும், கீழே பின் கேட்கும். போட்டதும் வங்கியிலிருந்து மெசேஜ் வரும், பணம் எடுக்கப்பட்டது என்று. “அய்யோ, சிஸ்டம் மாறிப்போச்சு சார். இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்துடும்.” போன பணத்தை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற பதற்றத்தில் மறுபடியும் பின் போடுகிறவர்கள் உண்டு. தொகை பெரிதாகிப் போவது இந்த இரண்டாவது, மூன்றாவது ஸ்கேனில்தான்.

யுபிஐ பின்னைப் போடுவது, உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போக நீங்கள் கொடுக்கும் சம்மதம். இருப்பைப் பார்க்கவும் அதைக் கேட்கும். உள்ளே வருகிற பணத்துக்கு பின்னும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ராணுவத்துக்கென்று தனி யுபிஐ முறை எதுவும் கிடையாது.

முன்பெல்லாம் க்யூஆர் கோடுகூடத் தேவைப்படவில்லை. ‘பணம் கேட்பு’ என்கிற கலெக்ட் ரிக்வெஸ்ட்டை அனுப்பி, அதைப் பணம் வருவதற்கான அறிவிப்பு என்று நம்பவைத்தார்கள். இந்த வழியில் நடந்த மோசடியைத் தாங்க முடியாமல், தனிநபர் தனிநபரிடம் இப்படிப் பணம் கேட்கும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்தியது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது. க்யூஆர் வழி இன்னும் திறந்தேதான் இருக்கிறது. பணம் அனுப்பியதாகக் காட்டும் பொய் ஸ்கிரீன்ஷாட், வங்கி அனுப்பியது போன்ற பொய் எஸ்எம்எஸ், “தவறுதலா கூடுதலா போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க” என்ற கெஞ்சல், கூரியர் பதிவுக்கு என்று அனுப்பும் விஷமச் செயலி (ஏபிகே ஃபைல்) எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருள் வாசல் தாண்டட்டும்.

2016 ஆகஸ்டில் வெள்ளயம்பலம் ஆல்தறையில் ஒரு ஏடிஎம்முக்குள் கருவி பொருத்தி, ரகசிய எண்களைத் திருடிய வெளிநாட்டுக் கும்பல் இந்த ஊரையே உலுக்கியது. அவர்கள் விமானம் ஏறி வர வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு சிம் கார்டு போதும். ஓஎல்எக்ஸ் மோசடிக்குப் பேர்போன மேவாத் வட்டாரத்தில், ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில், 2023 ஏப்ரலில் சுமார் 5,000 போலீசார் ஒரே இரவில் 14 கிராமங்களைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். பாங்கோட்டிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல் அந்தப் பக்கத்து ஏதாவது வயல்வெளியிலிருந்து வந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

பணம் போய்விட்டது என்று வையுங்கள். அவனைத் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவதில் நேரத்தை விடாதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாலைந்துக்கு என்று பிரிந்து ஏடிஎம் வழியாக வெளியேறுவதற்குள் தடுத்தால்தான் உண்டு. தொகை, நேரம், எதிராளியின் யுபிஐ ஐடி, 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். எல்லாம் செயலியின் பரிவர்த்தனை விவரத்திலேயே இருக்கும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். உரையாடலை அழித்துவிட வேண்டாம், அதுதான் சாட்சியம். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ம் பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தடுத்து நிறுத்திய பணம் தானாகத் திரும்பி வந்துவிடாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டி வரலாம். அதற்குப் புகாரின் நகல்கள் எல்லாம் வேண்டும்.

‘மூணு நாளைக்குள்ள சொன்னா பேங்க் முழுசா குடுத்துடும்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பாதி படித்தவர்கள் சொல்வது அது. மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போனால்தான். நீங்களே பின்னைப் போட்டிருந்தால் உங்கள் கவனக்குறைவு என்றே வங்கி வாதிடும், புகார் செய்யும் வரை ஏற்பட்ட நஷ்டம் உங்களுடையது. புகார் செய்த பிறகு போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பொறுப்பு. அதனால் புகார் கொடுத்த நேரத்துக்கு ஆதாரம் முக்கியம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதில் பணம் ஒழுங்காகவே வந்து சேரும். உங்கள் லேப்டாப்பை வாங்க ஒருவன் பேசுகிறான். “என் தம்பி வந்து எடுப்பான், பணமும் அவன்தான் போடுவான், விலையைப் பத்தி அவன்கிட்ட பேசாதீங்க.” அந்தத் ‘தம்பி’ உண்மையில் ஏமாற்றப்படும் இன்னொருவர், அவரிடம் அதே நேரம் வேறு கதை ஓடுகிறது. அல்லது எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது. ஏமாந்தவர் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்ததும் உங்கள் கணக்கு முடங்கும். கேரளத்தில் 2023-ல் சிறு வியாபாரிகள் பலர் யுபிஐயில் வந்த சில்லறைத் தொகைக்காக முழுக் கணக்கும் முடங்கி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். போலீஸ் குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று நீதிபதி தேவன் ராமச்சந்திரன் அந்த ஆண்டே தீர்ப்பளித்தார். உங்கள் கணக்கு முடங்கினால் எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுதிக் கேளுங்கள், அந்தத் தீர்ப்பையும் சுட்டிக்காட்டுங்கள். விற்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் பொருளின் விவரம், விலை, வாங்கியவர் பெயர், கையெழுத்து வாங்கிவைத்தால் பின்னால் விளக்கம் சொல்ல எளிது. பொருளை எடுக்கிறவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

கை மாற்றுவதைத் தம்பானூர், கிழக்கேகோட்டை மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ போன்றவற்றுக்கு வீட்டுக்கு வந்தால்தான் முடியும் என்றால் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். போன் விற்கிறவர்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஸ்கூட்டர் விற்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காசை வாங்கி சாவியைக் கொடுத்ததோடு வண்டி நம்மை விட்டுப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-ம் பிரிவின்படி மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், படிவம் 29, 30 இதற்குத்தான். பாறசாலை தாண்டித் தமிழ்நாட்டில் களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆளுக்கு விற்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில், வண்டி பல கை மாறிப் போயிருந்தும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே காட்டினால், விற்ற சீட்டின் நகலோடு ஆர்டிஓவுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.