நூறு பிளவுக்கு இருநூறு துண்டு: பிளவு விளைச்சல் எண்களும் அவற்றின் உறுதியின்மையும்

நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம் என்பதால், மாதிரி எடுத்து, உலர்த்தி, கலோரிமானியில் எரித்துப் பார்த்த பிறகே அது தரும் வெப்பத்தைச் சொல்ல முடிகிறது. மாதிரிகளை நிறுக்கும் தராசு சற்றே கூடுதலாகக் காட்டினால், நூறு மாதிரி எடுத்தாலும் நூறிலும் அந்தப் பிழை குடியிருக்கும். வடக்கே கல்பாக்கத்தில், 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டிய வேக ஈனுலைச் சோதனை உலையின் எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்று கணக்கிடும்போதும் இதே சிக்கல் எழுகிறது; அங்கே தராசின் இடத்தில் நிற்பது பிளவு விளைச்சல் என்ற எண்.

அணுக்கரு பிளக்கும்போது பெரும்பாலும் இரண்டு துண்டுகள் பிறப்பதால், நூறு பிளவுகளில் இருநூறு துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட வகை எத்தனை என்பதே பிளவு விளைச்சல். மெதுவான நியூட்ரானால் யுரேனியம்-235 பிளக்கும்போது, நிறை எண் 95, 138 ஆகியவற்றை ஒட்டிய துண்டுகள் மிகுதியாகவும், சரிபாதியான துண்டுகள் மிக அரிதாகவும் தோன்றுகின்றன. பிளந்த கணத்தில் பிறப்பது தனி விளைச்சல். கதிரியக்கச் சிதைவால் பின்னர் வந்து சேர்வதையும் கூட்டினால் திரள் விளைச்சல். சீசியம்-137இன் திரள் விளைச்சல் நூற்றுக்கு ஏறத்தாழ 6.2.

இத்தகைய எண்ணை இரண்டு ஆய்வகங்கள் அளப்பதாகவும், ஒன்று 6.20 என்று 0.05 உறுதியின்மையுடனும், மற்றொன்று 5.80 என்று 0.10 உறுதியின்மையுடனும் சொல்வதாகவும் கொள்ளலாம். உறுதியின்மையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடை கொடுத்தால், முதல் அளவீட்டுக்கு நான்கு பங்கும் இரண்டாவதற்கு ஒரு பங்கும் கிடைத்து, சராசரி 6.12 ஆகிறது, சூத்திரம் தரும் உறுதியின்மை 0.045. முரண்படும் இரண்டைச் சேர்த்ததும் இரண்டையும்விடத் துல்லியமான விடை வந்துவிட்டது என்பது ஏற்கத்தக்கதன்று. ஒவ்வொரு அளவீடும் சராசரியிலிருந்து விலகும் தொலைவைத் தன் உறுதியின்மையால் வகுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் கிடைக்கும் கை-வர்க்கம், இங்கே 1 அளவில் இருக்க வேண்டியது, 12.8 ஆக நிற்கிறது. ஏதோ ஒரு பிழையை யாரோ கணக்கில் எடுக்கவில்லை என்பதே அதன் பொருள். மூல அறிக்கைகளுக்குத் திரும்பிச் சென்று காரணம் தேடுவதே முதல் கடமை. காரணம் அகப்படாவிட்டால், 12.8இன் வர்க்கமூலத்தால் பெருக்கி உறுதியின்மையை 0.16 என்று விரித்துச் சொல்வதே நேர்மை.

இதைவிட நுட்பமானது உடன்மாறுபாடு, அதாவது ஓர் எண்ணின் பிழை மற்றோர் எண்ணின் பிழையோடு சேர்ந்தே அசைவது. ஒரே தராசில் நிறுத்த மாதிரிகளைப் போல, ஒரே கருவியில் அளந்த விளைச்சல்களின் பிழைகள் உறவுடையவை; மொத்தம் 200 ஆக வேண்டும் என்ற விதியும், ஒன்று கூடினால் மற்றொன்று குறையும்படி அவற்றைப் பிணைக்கிறது. அமெரிக்காவில் இங்லண்ட், ரைடர் என்ற இருவர் 1994இல் தொகுத்த புகழ்பெற்ற அட்டவணை, மதிப்பையும் உறுதியின்மையையும் தருகிறது. இந்த உறவுகளைத் தருவதில்லை. பிற்காலத்து மதிப்பீட்டாளர்கள் அவற்றைக் கட்டியெழுப்ப உழைப்பது வீண்வேலையன்று.

எரிந்த எரிபொருளைக் கரைத்து, அதிலுள்ள நியோடிமியம்-148 அணுக்களை எண்ணி, அதன் விளைச்சலால் வகுத்தால் நடந்த பிளவுகளின் எண்ணிக்கையும், அதிலிருந்து எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்ற எரிப்பளவும் கிடைக்கின்றன. யுரேனியம்-235, புளுட்டோனியம்-239 ஆகிய இரண்டிலும் அந்த விளைச்சல் நூற்றுக்கு 1.6 முதல் 1.7 வரை இருப்பது இம்முறைக்குப் பெரிய வசதி. ஆனால் அட்டவணையிலுள்ள விளைச்சல் 2 விழுக்காடு குறைவாக இருந்தால், எரிப்பளவு 2 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். எத்தனை முறை கரைத்து அளந்தாலும் அந்த 2 விழுக்காடு அப்படியே இருக்கும்.