பட்டமும் வகுப்பும்

குறிஞ்சாக்கேணி மக்களுக்குக் கல்வியின் விலை தெரியும். 2021 நவம்பர் 23ஆம் நாள் அவ்வூர்க் கடவையில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். அத்தகைய ஊரிலிருந்து ஒரு பிள்ளை திருகோணமலை வளாகத்துக்கோ வந்தாறுமூலைக்கோ சென்று பட்டம் பெறுமாயின், அப்பட்டத்தின் பொருளை வீட்டார் முழுமையாக அறிதல் வேண்டும் அன்றோ?

பட்டமளிப்பு விழாவில் 'கௌரவம்' என்னும் சொல் மயக்கம் தருவது. சான்றோர் ஒருவரின் தொண்டைப் போற்றிப் பரீட்சையின்றி வழங்குவது கௌரவ கலாநிதிப் பட்டம். நான்காண்டு கற்றுப் பெறுவது கௌரவப் பட்டம்; முன்னர் இதனைச் சிறப்புப் பட்டம் என்றனர். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிற்றுகளும், கௌரவப் பட்டத்துக்கு 120 கிரெடிற்றுகளும் வேண்டும்.

வகுப்பு என்பது இவற்றினின்றும் வேறானது. அது பெறுபேற்றின் தரத்தைக் குறிப்பது. மூன்றாண்டுப் பட்டத்திலும் முதல் வகுப்பு எய்தலாம். கௌரவப் பட்டத்திலும் வகுப்பின்றிச் சித்தியடையலாம்.

இம்முறை பிரித்தானியாவிலிருந்து வந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன் நம்மவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளையே எழுதினர். பின்னாளில் சுவாமி விபுலானந்தராக விளங்கிய மயில்வாகனனார் 1920இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றதும் அவ்வாறே. அமெரிக்காவிலோ வகுப்புக்குப் பதிலாக 'கம் லாடே', 'மாக்னா கம் லாடே', 'சும்மா கம் லாடே' என இலத்தீன் மொழியில் மூவகைப் புகழுரை வழங்குவர்.

இந்நாளில் நம் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் தரப்புள்ளிச் சராசரி 3.70 ஆயின் முதல் வகுப்பு, 3.30 ஆயின் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 ஆயின் கீழ்ப்பிரிவு. ஒரு பாடத்தில் தவறி மீண்டும் எழுதுவோர்க்கு, எத்துணை நன்றாக எழுதினும், 'சி' தரத்துக்கு மேல் வழங்காத விதி பல பீடங்களில் உண்டு. 117 கிரெடிற்றுகளில் 3.72 சராசரி பெற்ற மாணவி, எஞ்சிய 3 கிரெடிற் பாடத்தில் 2.00 புள்ளியுடைய 'சி' பெற்றால், சராசரி 3.68க்கு இறங்கும், முதல் வகுப்பு கைநழுவும். நோயினால் பரீட்சைக்குச் செல்லாதவர் உரிய காலத்துள் மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பித்தால், பின்னர் எழுதுவது முதல் முயற்சியாகவே கொள்ளப்படுவதுண்டு. இதனை அறியாமையால் இழப்புறுவோர் பலர்.

விரிவுரையாளர் பதவியை நாடுவோர்க்கு வகுப்பு இன்றியமையாதது. ஏனைய பல தொழில்களுக்குப் பட்டமே போதும். ஆகவே சாதாரண சித்தி பெற்ற பிள்ளையைக் குறைவாக நோக்குதல் தகாது; அதுவும் நிறைவான பட்டமே.

மாணவர்களே, பல்கலைக்கழகம் புகுந்த முதல் வாரத்திலேயே பீடக் கைந்நூலை வாசித்துவிடுங்கள். பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் அவ்விதிகளைக் கேட்டறியுங்கள். மேடையில் வாசிக்கப்படும் வகுப்பு அன்று பிறப்பதன்று. முதலாம் ஆண்டிலேயே அதற்கு அத்திவாரம் இடப்படுகிறது.