வரைபடத்தை மூட்டை கட்டுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் கோடை விடுமுறையில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வறண்ட வட்டாரம் ஒன்றில் ஊர் ஊராகச் சென்று 63 கிணறுகளின் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்து வந்து, அதில் ஃபுளோரைடு எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதித்தார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. அதற்கு மேலுள்ள நீரையே நாள்தோறும் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிகவும் கூடினால் எலும்புகளும் கெடும்.

மாணவர்கள் கிணறுகளின் இருப்பிடங்களைக் கைபேசியில் குறித்து, கணிப்பொறியில் வரைபடமாக்கி, அந்தப் பகுதியில் பணியாற்றிய பொறியாளர் ஒருவருக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, 63 புள்ளி வந்து சேர்ந்தது. இதில் எது நல்ல கிணறு, எது கெட்ட கிணறு?"

என்ன நடந்தது என்று புரிகிறதா? படம் போய்விட்டது, செய்தி போகவில்லை!

காகிதத்தில் அச்சிட்ட வரைபடத்தில் கோடும் எழுத்தும் ஒரே தாளில் இருக்கும். தாளை மடித்து உறையில் போட்டால் எல்லாம் சேர்ந்தே போகும். கணிப்பொறி வரைபடம் அப்படிப்பட்டதல்ல. புவியியல் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., என்னும் மென்பொருள் ஒவ்வொரு பொருளையும் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. அது எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்பது ஒன்று. அதன் பெயர் என்ன, ஆழம் எவ்வளவு, நீர் எப்படிப்பட்டது என்ற விவரம் மற்றொன்று. முன்னது எண்களின் வரிசை. பின்னது உங்கள் வகுப்பாசிரியரின் மதிப்பெண் பதிவேடு போன்ற ஓர் அட்டவணை.

அமெரிக்காவின் எஸ்ரி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'ஷேப் ஃபைல்' என்ற முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. பெயர்தான் ஒன்று, உண்மையில் அது ஒரு குடும்பம். எஸ்.எச்.பி. என்று முடியும் கோப்பில் வடிவங்கள் இருக்கும். டி.பி.எஃப். என்று முடிவதில் அட்டவணை. எஸ்.எச்.எக்ஸ். என்பது எந்த வடிவம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லும் பொருளடக்கம். இம்மூன்றும் கட்டாயம் வேண்டும். நம் மாணவர்களோ எஸ்.எச்.பி. ஒன்றுதான் வரைபடம் என்று எண்ணி, அதை மட்டும் அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு, மற்றவர்களை வாசலில் விட்டுவிட்டுப் புறப்பட்ட கல்யாண வண்டியைப் போல!

நான்காவதாக பி.ஆர்.ஜே. என்று ஒரு சிறு கோப்பு உண்டு. இது கட்டாயமில்லை என்பார்கள். என்னைக் கேட்டால் இதை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அட்சரேகை, தீர்க்கரேகை என்ற எண்கள், பூமியின் வடிவத்தை எப்படி வைத்துக்கொண்டு கணக்கிட்டோம் என்பதைப் பொறுத்தவை. செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜி.பி.எஸ். கருவி 1984ஆம் ஆண்டு வரையறையைப் பின்பற்றுகிறது. நம் நாட்டின் பழைய நிலவரைபடத் தாள்களோ, ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணக்கிட்ட கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. (ஆம், சிகரத்துக்குப் பெயர் தந்த அதே எவரெஸ்ட்தான். அவர் பயன்படுத்திய நில அளவைத் தொடர் 1802இல் சென்னை பரங்கிமலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து புறப்பட்டது.) எவரெஸ்ட் கோளத்தின் நடுக்கோட்டு ஆரம் 1984ஆம் ஆண்டுக் கோளத்தினுடையதைவிட 800 மீட்டருக்கும் மேல் குறைவு. இரண்டு கோளங்களின் மையங்களும் ஒரே இடத்தில் இல்லை. ஆகவே ஒன்றில் எழுதிய எண்களை மற்றொன்றின் எண்கள் என்று எடுத்துக்கொண்டால், தென்னிந்தியாவில் ஒரு புள்ளி 100 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். கிணறு பக்கத்துக்காரர் வயலுக்குள் குதித்துவிடும்! எந்த முறையில் எழுதினோம் என்று பி.ஆர்.ஜே. சொல்லிவிடுகிறது. அது இல்லாவிட்டால் மென்பொருள் பிழை என்று கத்தாது. படத்தை அழகாகத் தவறான இடத்தில் காட்டும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தொல்லை. இந்த அட்டவணையில் ஒரு தலைப்பின் பெயர் 10 பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும். 'கிணறு' என்ற சொல்லில் க, இகரக் கொக்கி, ண, ற, உகரக் குறி என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள். தலைப்பில் 'கிண' என்பதோடு நின்றுவிடும்.

மாணவர்கள் மறுமுறை எல்லாக் கோப்புகளையும் 'ஜிப்' முறையில் ஒரே பொட்டலமாகக் கட்டினார்கள். இப்போது அதைவிட எளிய வழியும் உண்டு. 2014இல் தரப்படுத்தப்பட்ட 'ஜியோ பேக்கேஜ்' என்ற முறையில் வடிவம், அட்டவணை, பூமிக்கோள விவரம் யாவும் ஒரே கோப்புக்குள் அடங்கும். எதையும் மறந்து வைத்துவிட முடியாது.

பொறியாளர் விடவில்லை. "எங்கள் ஒன்றியத்துக் கிணறுகள் மட்டும் போதும். மற்றவை எனக்கெதற்கு?" என்றார். பெரிய வரைபடத்திலிருந்து வேண்டிய துண்டை மட்டும் எடுக்கும் வேலை இது. ஒன்றியத்தின் எல்லையோ ஆயிரம் வளைவுகள் கொண்டது. ஒரு கிணறு அதற்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கண்ணில்லாத கணிப்பொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? கிணற்றிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடு இழுக்கும். அக்கோடு எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணும். ஒற்றைப்படை என்றால் கிணறு உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே! ஒரு காகிதத்தில் கோணல்மாணலாக ஒரு மூடிய உருவம் வரைந்து நீங்களே சோதித்துப் பாருங்கள். கோடு ஒரு முனையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும்போது என்ன செய்வது என்றும் யோசியுங்கள்.

புள்ளிக்கு இது போதும். சாலை போன்ற கோட்டை வெட்டத்தான் வேண்டும். (2, 3) என்ற இடத்திலிருந்து (10, 7) வரை ஒரு சாலை செல்கிறது. எல்லை x = 8 என்ற கோடு. x திசையில் 8 அலகு போகவேண்டிய சாலை 6 அலகு போனதும் எல்லை வந்துவிடுகிறது. அதாவது முக்கால் பங்கு. y திசையில் 4 அலகில் முக்கால் பங்கு 3. ஆகவே சாலையை (8, 6) என்ற இடத்தில் நறுக்க வேண்டும். இத்தனை எளிய விகிதக் கணக்கைத்தான் மென்பொருள் இலட்சக்கணக்கான முறை செய்கிறது.

ஆனால் ஒரு ஏரியை வெட்டும்போது கவனியுங்கள். எல்லை 40 ஹெக்டேர் ஏரியைச் சரிபாதியாகப் பிளக்கிறது. வடிவத்தை வெட்டிய மென்பொருள் அட்டவணை வரியை அப்படியே படியெடுத்துக் கொடுத்துவிடும். அரை ஏரியின் அருகே அது இன்னும் '40 ஹெக்டேர்' என்றே சொல்லும்! ஓர் இரும்புத் தண்டை இரண்டாக வெட்டினால் நிறை பாதியாகும், வெப்பநிலை பாதியாகுமா? பரப்பு நிறையைப் போன்றது, பங்கிட வேண்டும். நீரின் ஃபுளோரைடு அளவு வெப்பநிலையைப் போன்றது, பங்கிடக் கூடாது. ஓர் ஊரின் மக்கள்தொகை இரண்டிலும் சேராத தலைவலி. ஊரை நடுவில் பிளந்தால் மக்களும் பாதிப் பாதியாகப் பிரிவார்கள் என்று யார் சொன்னது? எதை எப்படிப் பிரிப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்யவேண்டும்.

துண்டெடுக்கும் இந்தக் கலை உயிர் காக்கவும் உதவியது. 2010 ஜனவரி 12 மாலை ஹைட்டி நாட்டின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை 7.0 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. மீட்புக் குழுவினர் விமானத்தில் வந்திறங்கினர். தெருக்களைக் காட்டும் விரிவான வரைபடம் இல்லை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தின் தொண்டர்கள் நூற்றுக்கணக்கானோர், பல நாடுகளில் தத்தம் வீட்டிலிருந்தபடியே, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கூடார முகாம்களையும் வரைந்து தள்ளினார்கள். உலகம் முழுவதையும் அடக்கிய அந்தப் பெருங்கோப்பு இடிபாடுகளுக்கிடையே நிற்பவருக்கு எதற்கு? ஹைட்டியை மட்டும் நறுக்கியெடுத்துச் சிறு கோப்புகளாக்கி, அடிக்கடி புதுப்பித்துத் தந்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அவற்றைக் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு, இணையத் தொடர்பே இல்லாத இடத்திலும் வழி கண்டார்கள்.

கோப்பைச் சிறிதாக்குவதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 18.5400000 பாகை என்பதை எழுத்தாக எழுதினால் 10 பைட்டு. புள்ளியை நீக்கி 185400000 என்ற முழு எண்ணாக்கினால் 4 பைட்டில் அடங்கும். ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அதை ஒரு கோடியால் வகுத்தால் 1.1 சென்டிமீட்டர். தெருவைக் குறிக்க இந்த நுட்பம் தாராளம். அடுத்த புள்ளி 185400412, அதற்கடுத்தது 185400790 என்று வைத்துக்கொள்வோம். முழு எண்களையும் திரும்பத் திரும்ப எழுதுவானேன்? முதல் எண்ணை எழுதிவிட்டு, 412, 378 என்று வித்தியாசத்தை மட்டும் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 2 பைட்டு போதும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தன் தரவை இப்படித்தான் சுருக்கி வழங்குகிறது.

எங்கள் பொறியாளருக்கு மூன்றாம் முறை போன பொட்டலம் சரியாகத் திறந்தது. அவர் ஒன்றியத்தில் இருந்தவை 22 கிணறுகள். அளவு மிகுந்தவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் பார்த்தார். ஏழு புள்ளிகள் சிவந்தன. அவற்றில் ஒன்று தொடக்கப் பள்ளி வளாகத்துக்குள் இருந்தது.